கருவைத் தாங்கும் சைட்டோகைன்கள்: கர்ப்பத்தில் தாயின் எதிர்ப்பு மண்டலம் செய்யும் வேலை

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் போன்ற பகுதிகளில் ஒரு தமிழ்க் குடும்பத்துப் பெண் கருவுற்றிருக்கிறாள் என்றால், ஆயாவிலிருந்து அடுத்த வீட்டுக்காரர் வரை சொல்லும் அறிவுரைகளில் ஒன்று தவறாமல் இடம்பெறும்: "இந்த நேரத்தில் உடம்பில் எதிர்ப்புச் சக்தி குறைந்திருக்கும், பார்த்து நடந்துகொள்." இதே நம்பிக்கையை வைத்துத்தான் மருந்துக்கடைகளில் எதிர்ப்புச் சக்தியைக் கூட்டுவதாகச் சொல்லும் மாத்திரைகளும் பொடிகளும் விற்பனையாகின்றன. அறிவுரையில் அக்கறை இருக்கிறது. ஆனால் அதன் அடிப்படையாக உள்ள கருத்து பாதி உண்மைதான். கடந்த முப்பது ஆண்டுகளின் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தால், கர்ப்பத்தில் தாயின் எதிர்ப்பு மண்டலம் சோர்ந்து கிடப்பதில்லை என்பதும், கரு பதிவதிலிருந்து குழந்தை பிறப்பதுவரை ஒவ்வொரு கட்டத்திலும் அதற்கு வெவ்வேறு வேலை இருக்கிறது என்பதும், அந்த வேலையை ஒருங்கிணைப்பவை சைட்டோகைன்கள் எனப்படும் நுண்ணிய சமிக்ஞைப் புரதங்களே என்பதும் தெளிவாகிறது.

கர்ப்பிணியின் கையில் இருக்கும் இரத்தப் பரிசோதனைத் தாளையே இதற்குச் சான்றாகக் காட்டலாம். கருவுறாத பெண்ணின் ஒரு மைக்ரோ லிட்டர் இரத்தத்தில் வெள்ளை அணுக்கள் சுமார் 4,000 முதல் 11,000 வரை இருக்கும். கர்ப்பத்தின் பிற்பகுதியில் இந்த எண் 15,000-ஐ நெருங்கினாலும் மருத்துவர் பெரும்பாலும் கவலைப்பட மாட்டார். பிரசவ வலியின்போது அது 20,000-ஐயும் தாண்டக்கூடும். சிவப்பணுப் படிவு வேகமும் கூடியிருக்கும். வேறு எவருக்காவது இப்படி ஒரு தாள் வந்தால் எங்கே தொற்று என்று தேடத் தொடங்குவார்கள். எதிர்ப்புச் சக்தி குறைந்துவிட்ட உடம்பின் தாள் இப்படி இருக்காது.

குறைந்துவிட்டது என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது? 1953-இல் பிரிட்டன் விஞ்ஞானி பீட்டர் மெடவார் ஒரு கேள்வியை எழுப்பினார். கருவின் மரபணுக்களில் பாதி தந்தையுடையவை. அந்நியரின் தோலையோ சிறுநீரகத்தையோ ஒட்டவைத்தால் சில நாட்களிலேயே நிராகரிக்கும் உடம்பு, பாதி அந்நியமான கருவை மட்டும் ஒன்பது மாதம் எப்படித் தாங்குகிறது? அவர் மூன்று விடைகளை முன்வைத்தார்: தாய்க்கும் கருவுக்கும் இடையே ஒரு தடுப்பு இருக்கலாம், கரு இன்னும் முதிராததால் அது அந்நியமாகத் தெரியாமல் இருக்கலாம், அல்லது தாயின் எதிர்ப்பு மண்டலம் அக்காலத்தில் மந்தமாகிவிடலாம். எதிர்ப்பு மண்டலம் அந்நியத் திசுவைத் தாங்கிக்கொள்ளப் பழகக்கூடும் என்ற கண்டுபிடிப்புக்காக மெடவார் 1960-இல் நோபல் பரிசு பெற்றார். கேள்வி மிகச் சிறந்த கேள்வி. விடைகள்தாம் முழுமையாகப் பொருந்தவில்லை. குறிப்பாக மூன்றாவது விடை பொதுமக்கள் மனத்தில் ஆழமாகத் தங்கிவிட்டது.

சைட்டோகைன்கள் எப்படி இயங்குகின்றன என்பதைச் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். இவை செல்கள் வெளியிடும் சிறு புரதங்கள். இன்சுலினைப் போன்ற ஹார்மோன் இரத்தத்தில் கலந்து உடம்பு முழுவதற்கும் செய்தி சொல்கிறது. சைட்டோகைன்களோ பெரும்பாலும் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று அந்தப் பக்கத்து வீட்டாரிடம் பேசுவதைப் போல, அருகிலுள்ள செல்களிடம் மட்டும் பேசுகின்றன. செய்தியைப் பெறும் செல்லின் மேல் அதற்குரிய ஏற்பி இருந்தால்தான் அது கேட்கும். ஒரே சைட்டோகைன் ஓரிடத்தில் வீக்கத்தை, அதாவது அழற்சியைத் தூண்டும், இன்னோரிடத்தில் திசுவைக் கட்டும். எனவே இவற்றை நல்லவை, கெட்டவை என்று பிரிப்பது அறிவியலுக்குப் பொருந்தாது. எங்கே, எப்போது, எவ்வளவு என்பவையே முக்கியம்.

கர்ப்பத்தின் முதல் கட்டம் அழற்சியில் தொடங்குகிறது. கருவுற்ற ஆறேழு நாட்களில் கருக்கோளம் கருப்பையின் உள்சவ்வில் பதிந்து அதைத் துளைத்து உள்ளே இறங்குகிறது. அந்த இடத்தில் நடப்பது ஒரு சிறு காயம் ஆறும்போது நடப்பதைப் பெரிதும் ஒத்திருக்கிறது. இன்டர்லூகின்-6, இன்டர்லூகின்-8, டி.என்.எஃப்.-ஆல்ஃபா ஆகிய அழற்சிச் சமிக்ஞைகள் அங்கே ஏராளமாக வெளியாகின்றன. இவற்றோடு எல்.ஐ.எஃப். என்ற ஒரு சைட்டோகைனும் உண்டு. 1992-இல் வெளியான ஒரு சோதனையில், இந்த ஒரே புரதத்தை உருவாக்க முடியாத பெண் எலிகளின் கருக்கள் நன்றாக உருவாகியும் கருப்பையில் பதியவே இல்லை. அதே கருக்களைச் சாதாரண எலியின் கருப்பைக்கு மாற்றியபோது அங்கே பதிந்து வளர்ந்தன. குறை கருவில் இல்லை, கருப்பை தர வேண்டிய சமிக்ஞையில்தான் இருந்தது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டிய சோதனை குறைவு. இதைக் கண்டு, திரும்பத் திரும்பக் கரு பதியாத பெண்களுக்கு எல்.ஐ.எஃப்.-ஐ ஊசியாகக் கொடுத்தும் பார்த்தார்கள், பலன் கிடைக்கவில்லை. ஓரிடத்தில், ஒரு நாளில் எழ வேண்டிய சமிக்ஞையை உடம்பு முழுவதும் பாய்ச்சினால் அதே விளைவு வரும் என்று எதிர்பார்க்க முடியாது.

ஆடு மாடுகளில் நிலைமை இன்னும் வியப்பானது. நான் கருவாக இருக்கிறேன் என்று பசுவின் உடம்புக்குக் கரு தெரிவிக்கும் செய்தியே இன்டர்ஃபெரான்-டௌ என்ற புரதம்தான். வைரஸை எதிர்ப்பதற்கென்று நாம் அறிந்திருக்கும் இன்டர்ஃபெரான் குடும்பத்தைச் சேர்ந்தது அது. மனிதக் கரு இந்தப் பணிக்கு எச்.சி.ஜி. ஹார்மோனைப் பயன்படுத்துகிறது. கர்ப்பப் பரிசோதனைப் பட்டையில் கோடு காட்டுவது அந்த ஹார்மோனே.

இனி, ஆரோக்கியமான கர்ப்பத்தின் விதி பெருமளவு முடிவாகும் இடத்துக்கு வருவோம். முதல் மூன்று மாதங்களில் கருப்பைச் சவ்வில் இருக்கும் வெள்ளை அணுக்களில் ஏறத்தாழ 70 விழுக்காடு இயற்கைக் கொல்லி செல்கள், அதாவது என்.கே. செல்கள். இரத்தத்தில் ஓடும் என்.கே. செல்கள் வைரஸ் தொற்றிய செல்களையும் புற்றுச் செல்களையும் அழிப்பவை. கருப்பையில் இருப்பவை அழிப்பதில் அவ்வளவாக ஈடுபடுவதில்லை. இன்டர்ஃபெரான்-காமா, இன்டர்லூகின்-8, இரத்தக்குழாய் வளர்ச்சிக் காரணிகள் ஆகியவற்றைச் சுரந்து, நஞ்சுக்கொடிக்கு இரத்தம் வரும் வழியைத் திருத்தி அமைக்கின்றன.

அந்தத் திருத்தம் எப்படி நடக்கிறது? கருப்பைச் சுவரில் சுருள் தமனிகள் என்ற மெல்லிய இரத்தக்குழாய்கள் உள்ளன. மாதவிடாய்க் காலத்தில் இறுகிச் சுருங்கி இரத்தப்போக்கைக் கட்டுப்படுத்துவதற்கேற்ப அவற்றைச் சுற்றித் தசைப்படலம் உண்டு. ஆனால் வளரும் குழந்தைக்கு இடைவிடாமல், குறைந்த அழுத்தத்தில், நிறைய இரத்தம் வேண்டும். கர்ப்பத்தின் முடிவில் கருப்பைக்கு நிமிடத்துக்கு அரை லிட்டருக்கும் அதிகமான இரத்தம் பாய்கிறது. ஆகவே என்.கே. செல்கள் முதலில் தமனிச் சுவரின் தசையைத் தளர்த்துகின்றன. பின்னர் நஞ்சுக்கொடியிலிருந்து வரும் ட்ரோபோபிளாஸ்ட் செல்கள் அந்தச் சுவருக்குள் புகுந்து தசையின் இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. இறுதியில் சுருங்கவே முடியாத, பல மடங்கு அகன்ற குழாய் கிடைக்கிறது. என்.கே. செல்களோ இன்டர்ஃபெரான்-காமாவோ இல்லாத எலிகளில் இந்த மாற்றம் சரியாக நடப்பதில்லை. சுமார் 20 வாரங்களுக்குள் முடிய வேண்டிய இவ்வேலையைத் தாயின் எதிர்ப்பு செல்களும் குழந்தையின் செல்களும் சேர்ந்துதான் செய்கின்றன. எதிர்ப்பு மண்டலத்தை முற்றிலும் அடக்கிவிட்டால் கருவுக்கு நல்லது என்று நினைப்பவர்கள் இந்த ஒரு பகுதியை மட்டும் படித்தால் போதும்.

இரு தரப்பும் ஒன்றையொன்று எப்படி அடையாளம் காண்கின்றன என்பது அடுத்த கேள்வி. உடம்பின் ஏறக்குறைய எல்லாச் செல்களும் எச்.எல்.ஏ. என்ற அடையாளப் புரதங்களைத் தாங்கியுள்ளன. உறுப்பு மாற்றத்தில் பொருத்தம் பார்ப்பது இவற்றைத்தான். ட்ரோபோபிளாஸ்ட் செல்கள் நிராகரிப்பை அதிகம் தூண்டும் எச்.எல்.ஏ.-ஏ, எச்.எல்.ஏ.-பி இரண்டையும் காட்டுவதில்லை. அவற்றுக்குப் பதிலாக எச்.எல்.ஏ.-ஜி, எச்.எல்.ஏ.-இ, எச்.எல்.ஏ.-சி ஆகியவற்றைக் காட்டுகின்றன. தாயின் என்.கே. செல்களிலுள்ள கே.ஐ.ஆர். எனும் ஏற்பிகள் குழந்தையின் எச்.எல்.ஏ.-சி-யைத் தொட்டுப் பார்த்து, அதற்கேற்பக் கூடுதலாகவோ குறைவாகவோ சைட்டோகைன்களைச் சுரக்கின்றன. சில வகை கே.ஐ.ஆர். உள்ள தாய்க்குச் சில வகை எச்.எல்.ஏ.-சி உள்ள குழந்தை அமைந்தால் என்.கே. செல்கள் அளவுக்கு மீறி அடங்கிப்போகின்றன. அத்தகைய இணைகளில், கர்ப்பத்தில் இரத்த அழுத்தம் ஆபத்தாக ஏறும் ப்ரீ-எக்லாம்ப்சியா என்ற நோய்க்கான ஆபத்து கூடுகிறது என்று 2004-இல் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ஆஷ்லி மாஃபெட் குழுவினர் காட்டினர். பின்னர் உகாண்டா பெண்களிடம் செய்த ஆய்வில், ஆபத்தைக் கூட்டும் இணை அங்கும் அதுவே என்றும், ஆனால் பாதுகாக்கும் மரபணுக்கள் ஐரோப்பியப் பெண்களிடம் இருப்பவற்றிலிருந்து வேறுபட்டவை என்றும் தெரிந்தது. ஐரோப்பாவில் கிடைத்த முடிவை அப்படியே ஆப்பிரிக்கக் கண்டத்துக்குப் பொருத்த முடியாது என்பதற்கு இது ஒரு நல்ல சான்று. தென்னாப்பிரிக்க இந்தியர்களாகிய நம் மரபணுச் சேர்க்கை இந்த இரண்டு கூட்டத்திலும் சேராதது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

நஞ்சுக்கொடி வேரூன்றியபின் வரும் நடு மாதங்களில் அமைதி நிலவுகிறது. அந்த அமைதியும் தானாக வருவதில்லை, உழைத்துக் காக்கப்படுகிறது. இன்டர்லூகின்-10, டி.ஜி.எஃப்.-பீட்டா ஆகிய சைட்டோகைன்கள் அழற்சியைத் தணிக்கின்றன. டி செல்கள் என்பவை அந்நியத்தைத் தேடித் தாக்கும் வெள்ளை அணுக்கள். அவற்றுள் ஒழுங்குபடுத்தும் டி செல்கள் என்ற தனிப்பிரிவு, தந்தைவழி அடையாளங்களைத் தாக்க எழும் மற்ற டி செல்களை அடக்குகிறது. எலிகளில் இப்பிரிவை நீக்கினால் கரு தங்குவதில்லை என்பது 2004-இல் நிறுவப்பட்டது. கருப்பைச் சவ்வின் செல்கள் இன்னொரு வழியையும் கையாள்கின்றன: டி செல்களை வரவழைக்கும் அழைப்புச் சமிக்ஞைகளுக்கான மரபணுக்களையே மூடிவைத்துவிடுகின்றன. வெளியில் எத்தனை டி செல்கள் தயாராக இருந்தாலும், அழைப்பு இல்லாததால் அவை அங்கே கூடுவதில்லை. 1993-இல் தாமஸ் வெக்மன் குழுவினர் முன்வைத்த, டி செல்களின் தாக்குதலைத் தூண்டும் டி.எச்.1 வகைச் சமிக்ஞை கர்ப்பத்துக்குக் கேடு, அதைத் தணிக்கும் டி.எச்.2 வகை நன்மை என்ற கோட்பாடு நெடுங்காலம் பாடநூல்களை ஆண்டது. இந்த நடுக்கட்டத்துக்கு மட்டும் அது ஓரளவு பொருந்தும். தொடக்கத்துக்கும் முடிவுக்கும் பொருந்தாது.

இந்த அமைதிக்காலத்திலும் வைரஸ் காவல் தளர்வதில்லை. நஞ்சுக்கொடியின் வெளி அடுக்கு இன்டர்ஃபெரான்-லாம்டாவை, தொற்று வருமுன்பே, தொடர்ந்து சுரந்துகொண்டிருக்கிறது. தாயின் உடம்பும் தடுப்பூசிக்கு நன்றாகவே பதில் தருகிறது. 2011, 2012 ஆம் ஆண்டுகளில் ஜொகன்னஸ்பர்க்கின் சொவெட்டோவில் ஷபீர் மாதி தலைமையில் கர்ப்பிணிகளுக்கு இன்ஃபுளுவென்சா தடுப்பூசி போட்டு நடத்திய சோதனையில், எச்.ஐ.வி. இல்லாத தாய்மாரிடமும் அவர்களுடைய கைக்குழந்தைகளிடமும் உறுதி செய்யப்பட்ட இன்ஃபுளுவென்சா ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. எச்.ஐ.வி. உள்ள தாய்மாருக்கும் அது பாதுகாப்பளித்தது. அப்படியானால் கர்ப்பிணிகளுக்கு இன்ஃபுளுவென்சா கடுமையாவது ஏன்? எதிர்வினையின் போக்கு மாறியிருப்பது ஒரு காரணம். நுரையீரலுக்கு இடம் சுருங்குவதும் இதயத்தின் சுமை ஏறுவதும் அதற்கு இணையான காரணங்கள். ஆயாவின் எச்சரிக்கையில் உள்ள பாதி உண்மை இதுவே.

நம்மவர்களுக்கு நேரடியாகத் தொடர்புடைய இன்னொன்றையும் இங்கே குறிப்பிட வேண்டும். நஞ்சுக்கொடி சுரக்கும் டி.என்.எஃப்.-ஆல்ஃபா, ஹார்மோன்களுடன் சேர்ந்து தாயின் உடம்பில் இன்சுலினின் வேலையைக் கடினமாக்குகிறது. குழந்தைக்குச் சர்க்கரை கிடைக்க வேண்டும் என்பதால் ஓரளவு இது இயல்பானது. ஆனால் இந்திய வம்சாவளியினரிடம் இன்சுலின் எதிர்ப்பு ஏற்கெனவே அதிகம் என்பதால், கர்ப்பகால நீரிழிவு நம்மிடையே எளிதில் தலைகாட்டுகிறது. 24 முதல் 28 வாரங்களுக்குள் சர்க்கரைக் கரைசலைக் குடிக்கவைத்துச் செய்யும் பரிசோதனையைத் தவிர்க்காமல் செய்துகொள்வது நல்லது.

முடிவுக் கட்டத்தில் அழற்சி திரும்புகிறது. அதுவரை புரோஜெஸ்டெரோன் ஹார்மோன் அடக்கிவைத்திருந்த சமிக்ஞைகள் விடுபடுகின்றன. கருப்பைத் தசைக்குள்ளும் கருப்பை வாய்க்குள்ளும் வெள்ளை அணுக்கள் திரண்டு இன்டர்லூகின்-1-பீட்டா, இன்டர்லூகின்-6, இன்டர்லூகின்-8 ஆகியவற்றைச் சுரக்கின்றன. இவற்றால், கருப்பையைச் சுருங்கவைக்கும் புரோஸ்டாகிளாண்டின்கள் என்ற வேதிப்பொருள்கள் பெருகி, கருப்பை வாய் இளகி, வலி எடுக்கிறது. எலிகளில், முதிர்ந்த நுரையீரலிலிருந்து குழந்தையே ஒரு புரதத்தைப் பனிக்குட நீருக்குள் அனுப்பி இந்தத் தொடர்வினையைத் தொடங்கிவைப்பதாக 2004-இல் டல்லஸ் ஆய்வாளர்கள் காட்டினர்: மூச்சுவிடத் தயாராகிவிட்டேன் என்று குழந்தை சொன்ன பிறகே பிரசவம். சிறுநீர்ப் பாதைத் தொற்றோ பிறப்புறுப்புத் தொற்றோ சிகிச்சையின்றி விடப்பட்டால், இதே சமிக்ஞைகளை அது ஏழாம் மாதத்திலேயே எழுப்பிக் குறைப்பிரசவத்துக்கு வழிவகுக்கலாம். சீமந்தத்துக்கு நாள் பார்க்கும் வேளையில் சிறுநீர் எரிச்சல் இருந்தால், விழா முடியட்டும் என்று காத்திருக்காமல் கிளினிக்குக்குச் செல்ல வேண்டியது இதனால்தான்.

சமிக்ஞைகள் தொடக்கத்திலேயே பிசகினால் என்ன ஆகும் என்பதற்கு ப்ரீ-எக்லாம்ப்சியா எடுத்துக்காட்டு. சுருள் தமனிகள் போதிய அளவு விரியாமல் நின்றுவிட்டால் நஞ்சுக்கொடி பிராணவாயுப் பற்றாக்குறையில் தவிக்கிறது. அங்கிருந்து அழற்சிச் சைட்டோகைன்களும் இரத்தக்குழாய்களைக் கெடுக்கும் புரதங்களும் தாயின் இரத்தத்தில் கலக்கின்றன. 20 வாரத்துக்குப் பின் இரத்த அழுத்தம் ஏறுவது, சிறுநீரில் புரதம் போவது, கடும் தலைவலி, கண் மங்கல், வலது மேல்வயிற்றில் வலி ஆகியவை அதன் அடையாளங்கள். தென்னாப்பிரிக்காவில் தாய்மார் மரணத்துக்குத் தொற்று நோய்கள், இரத்தப்போக்கு, கர்ப்பகால உயர் இரத்த அழுத்தம் ஆகிய மூன்றும் நெடுங்காலமாக முன்னணிக் காரணங்களாக இருந்துவருகின்றன. அம்மரணங்களை ஒவ்வொன்றாக ஆராயும் தேசியக் குழுவுக்குத் தலைமை ஏற்றிருந்தவர் டர்பன் மருத்துவப் பேராசிரியர் ஜாக் மூட்லி. 

குவாசுலு-நடால் பல்கலைக்கழகத்தில் அவரும் சக ஆய்வாளர்களும் ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்த ஒரு கேள்வி, டர்பன் அமைந்துள்ள இந்த மாகாணத்தில் மிகக் கூர்மையாக எழுந்தது. இங்கே கர்ப்பகாலப் பரிசோதனைக்கு வரும் பெண்களில் 100-க்கு 40 பேரை ஒட்டி எச்.ஐ.வி. உள்ளவர்கள் என்று 2010-களின் தேசிய ஆய்வுகள் காட்டின. ப்ரீ-எக்லாம்ப்சியா எதிர்ப்பு மண்டலத்தின் மிகையான எழுச்சி என்றால், எச்.ஐ.வி. அம்மண்டலத்தைத் தளர்த்துவது, அப்படியானால் ஒன்று மற்றொன்றை ஈடு செய்யுமா? எச்.ஐ.வி. மருந்து எதிர்ப்பு மண்டலத்தை மீட்டெடுக்கும்போது ப்ரீ-எக்லாம்ப்சியா ஆபத்தும் திரும்புமா? சில ஆய்வுகள் ஆம் என்றன, சில எந்த வேறுபாட்டையும் காணவில்லை. விடை எதுவாக இருந்தாலும் எச்.ஐ.வி. மருந்தை நிறுத்தலாம் என்று அது பொருள்படாது. குழந்தைக்குத் தொற்றாமல் காப்பது அந்த மருந்துதான்.

சிகிச்சையைப் பொறுத்தவரை எச்சரிக்கை தேவை. தனியார் கருத்தரிப்பு மையங்கள் சில, கைநரம்பிலிருந்து இரத்தம் எடுத்து என்.கே. செல்களை எண்ணி, அவை அதிகம் என்று சொல்லி ஸ்டீராய்டோ கொழுப்புக் கரைசல் ஊசியோ பரிந்துரைக்கின்றன. இரத்தத்தில் ஓடும் என்.கே. செல்களும் கருப்பையில் இருப்பவையும் வேறுவேறு இயல்புடையவை. எனவே இந்த எண்ணிக்கைக்காகப் பெரும் பணம் செலவழிப்பதற்கு நியாயம் இல்லை என்பதே என் கருத்து. எதிர்ப்புச் சக்திப் பொடிகளுக்கும் இதுவே பொருந்தும். மாறாக, மலிவான ஆஸ்பிரினுக்கு நல்ல சான்று இருக்கிறது: ஆபத்து அதிகமுள்ள பெண்களுக்கு 11 முதல் 14 வாரங்களுக்குள் தொடங்கி இரவுதோறும் 150 மில்லிகிராம் கொடுத்த, 2017-இல் வெளியான சோதனையில், 37 வாரத்துக்கு முன் வரும் ப்ரீ-எக்லாம்ப்சியா 4.3 விழுக்காட்டிலிருந்து 1.6 விழுக்காடாகக் குறைந்தது. மருத்துவர் சொல்லாமல் இதைத் தாமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனால் முதல் பரிசோதனைக்கு மூன்றாம் மாதம் முடிவதற்குள் செல்பவருக்குத்தான் இந்த வாய்ப்பே கிடைக்கும்.

பிரசவத்துக்குப் பின் சமிக்ஞைகள் சில வாரங்களில் பழைய நிலைக்குத் திரும்புகின்றன, அந்தத் திருப்பமும் சிலரைப் பாதிக்கிறது. மூட்டுவாத நோய் கர்ப்பத்தில் தணிந்து பிள்ளைப்பேற்றுக்குப் பின் மீண்டும் சீறும் என்பதை 1938-இல் அமெரிக்க மருத்துவர் ஃபிலிப் ஹென்ச் எழுதினார். தணிக்கும் பொருள் எது என்று தேடிச் சென்றதன் முடிவில் கார்ட்டிசோன் மருந்தும் 1950-இல் நோபல் பரிசும் கிடைத்தன. காசநோய் இதைவிடக் கவலைக்குரியது. கர்ப்பத்தில் அடங்கியிருந்த அழற்சி எழும்போது, மறைந்திருந்த காசநோய் இருமலும் காய்ச்சலுமாக வெளிப்படுகிறது. குழந்தை பிறந்த முதல் ஆறு மாதங்களில் அது கண்டறியப்படுவது கூடுதல் என்று பிரிட்டன் ஆய்வு ஒன்று காட்டியது. காசநோய் மிகுந்த நம் நாட்டில், ஆறாம் வாரம் குழந்தைக்குத் தடுப்பூசி போடச் செல்லும் தாய்க்கு இருமலோ இரவு வியர்வையோ எடைக்குறைவோ இருந்தால், பத்தியச் சாப்பாட்டால் வந்த மெலிவு என்று விட்டுவிடாமல் அதே நர்ஸிடம் சொல்லிச் சளியைப் பரிசோதிக்கக் கொடுத்துவிட்டு வர வேண்டும்.